லண்டன் களிமண்ணில் வீடு கட்டிய திலகம் அக்கா

திங்கட்கிழமை காலை. ஸ்ட்ராட்ஃபர்டில் ஒரு பழைய பண்டகசாலையை அளந்துகொண்டிருந்தேன். வேலையாட்கள் தேநீர் குடிக்கும் தகர அறையில் தொலைபேசி அடித்தது. எனக்குத்தான் என்று ஒருவர் கைகாட்டினார்.

"குமரன், நான் சிவநேசன். திலகம் விடியப்புறம் போயிட்டா."

இதோ வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். 

"ஆறுதலா வாங்கோ," என்றார் அவர். "இனி அவசரம் ஒண்டும் இல்லை."

திலகவதி சிவநேசனை உங்களில் பலர் 'மண்வீட்டு அக்கா' என்றுதான் அறிவீர்கள். ஆர்ச்வே முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் யாரையாவது நிறுத்தி, "உங்கட வீட்டுச் சுவர் என்னத்தாலை கட்டினது எண்டு தெரியுமோ?" என்று கேட்பவர். ஒரு வருடமாக அவர் நோயோடு இருந்தது மிகச் சிலருக்கே தெரியும். எல்லோரும் வந்து நோயைப் பற்றியே பேசுவார்கள், வேறு பேச்சு நின்றுவிடும் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றிருந்தார்.

நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. திலகம் அக்கா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கணவர் சிவநேசனோடும் கைக்குழந்தையோடும் லண்டன் வந்தவர். என்னைவிட ஒரு வயது இளையவர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் 'அக்கா' ஒட்டிக்கொண்டுவிட்டது. கோயிலில் பாத்திரம் கழுவும் இடத்தில்தான் முதலில் பேசினோம். நான் வீடு வரைகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இந்த நாட்டிலை ஒரு வீட்டுக்கு யன்னல் எந்தப் பக்கம் இருக்கவேணும்?" என்று கேட்டார்.

"தெற்குப் பக்கம்தான். வெயில் உள்ள வரணும்ல?"

அவர் கையிலிருந்த அண்டாவைக் கீழே வைத்தார். "வெயிலை உள்ளுக்கை விடுறதுக்கோ யன்னல்? நாங்கள் அங்கை வெயில் வரக்கூடாது எண்டெல்லோ கட்டினனாங்கள்!"

எங்கள் ஈப்போவிலும் அப்படித்தான். ஆனால் அது எனக்கு ஒரு நாளும் வியப்பாகப் பட்டதில்லை. அவருக்கோ யாரோ உலகத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டியது போலிருந்தது. சூரியன் எந்த மாதத்தில் எவ்வளவு தாழ்ந்து வரும், அப்படியானால் கூரை எவ்வளவு நீள வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனார். சிவநேசன் அண்ணன் வந்து, பஸ் போய்விடும் என்று இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அப்போது அவர்கள் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரே ஓர் அறையில் இருந்தார்கள். சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. குளிர்காலம் முழுவதும் மூச்சிழுப்பு. அவர்கள் அதை முட்டு என்பார்கள். வெளியே மழை பெய்து சுவர் ஊறுகிறது என்று வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். திலகம் அக்கா அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. சமையலுக்கு வைத்திருந்த அலுமினியத் தாளில் ஒரு துண்டை வெட்டி, நான்கு பக்கமும் இறுக்கமாக டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் காட்டினார்.

"தண்ணி சுவருக்குள்ளாலை வந்தா தாளுக்குப் பின்பக்கம் ஈரமா இருக்கவேணும். முன்பக்கம் ஈரமெண்டா அது எங்கட தண்ணி. தொட்டுப் பாருங்கோ."

முன்பக்கம்தான் நனைந்திருந்தது.

"எங்கட மூச்சும் சோறு காய்ச்சின ஆவியும் உடுப்புக் காயவைச்ச ஈரமும்தான். போறதுக்கு இடமில்லாமல் சுவரிலை வந்து இருக்குது." பின்னால் கட்டிலில் குழந்தை மூச்சுவிடும் சத்தம் ஒரு கீச்சொலி போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் பேசினார். "அப்ப இந்த ஆவியை வாங்கி வைச்சிருந்து, பிறகு திருப்பி விடுற சுவர் ஒண்டு இருக்காதோ?"

அவருடைய வீட்டின் தொடக்கம் அந்தக் கேள்விதான். கனவு இல்லம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஊருக்குத் திரும்பிப்போய்க் கட்டும் வீடு. அக்காலத்தில் என்னிடம் அப்படி வரையச் சொன்னவர்கள் பலர். இவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, நடுவில் முற்றம் வைத்து ஒரு படம் வரைந்து கொண்டுபோனேன். நிறைய நேரம் பார்த்துவிட்டு மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"அங்கை எங்கட வீடு ஷெல் விழுந்து இடிஞ்சு போச்சு. அதைப் பத்தி யோசிக்க எனக்கு இப்ப ஏலாது குமரன். காலுக்குக் கீழை கிடக்கிற இந்த மண்ணைப் பத்தி யோசிக்க ஏலும்."

அந்த வருடம்தான் அவருக்கு ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. பெரிய கட்டடங்கள் எழும்பும் இடங்களிலிருந்து தோண்டி வரும் மண்ணை அங்கே சோதிப்பார்கள். ஈரக் களிமண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து உள்ளங்கையால் மெல்லிய நூலாக உருட்ட வேண்டும். எந்த ஈரத்தில் நூல் நொறுங்குகிறது என்று பார்க்க வேண்டும். "இடியப்ப மா பதம் பாக்கிற வேலைதான். இதுக்குச் சம்பளமும் தாறாங்கள்," என்று சிரிப்பார். லண்டன் முழுவதும் காலுக்கடியில் களிமண் இருப்பதும், அது கோடையில் சுருங்கி மாரியில் வீங்குவதும், அதனாலேயே பொறியாளர்கள் அதை எதிரியைப் போலப் பார்ப்பதும் அவருக்கு அங்கேதான் தெரிந்தது. எதிரியோடு ஏன் சண்டை பிடிக்க வேண்டும், சேர்ந்து ஒரு வீடு கட்டினால் என்ன என்று தோன்றியதாம்.

தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வேண்டிய எந்தப் பொருளும், காலையில் போய்ப் பின்னேரம் திரும்பி வரக்கூடிய தூரத்திலிருந்துதான் வர வேண்டும். மரம் கென்டில் வளரும் செஸ்நட். சுண்ணாம்பு தெற்கேயுள்ள வெள்ளைக் குன்றுகளிலிருந்து. கூரைக்கு, பக்கத்தில் இடிக்கும் பழைய வீடுகளின் ஓடு. வைக்கோல் எசெக்ஸில். சிவநேசன் அண்ணன் தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை செய்தார். ஓய்வு நாளெல்லாம் இந்தப் பயணங்களில் போனது. புட்டுப் பார்சலைக் கட்டிக்கொண்டு ரயிலேறுவோம். "மற்ற ஆக்கள் மனிசியோடை கடற்கரைக்குப் போறாங்கள். நான் வைக்கோல் பாக்கப் போறன்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். ஆனால் ஒரு பயணத்தையும் அவர் தவறவிட்டதில்லை.

எசெக்ஸ் பண்ணைக்காரர் ஒருவரோடு நடந்த பேச்சு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அண்ணனே எத்தனையோ விருந்துகளில் சொல்லியிருக்கிறார். வைக்கோல் எதற்கு என்றதற்கு அக்கா 'ஹவுஸ்' என்று சொன்னது அந்த மனிதர் காதில் 'ஹோர்ஸ்', அதாவது குதிரை, என்று விழுந்துவிட்டது.

"எத்தனை?" என்று கேட்டார் பண்ணைக்காரர்.

"ஒன்றுதான்," என்றார் அக்கா.

"நல்ல உயரமோ?"

"இரண்டு மாடி."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விஷயம் விளங்கியபோது சிரித்துச் சிரித்து, கட்டுகளை வண்டியில் ஏற்றித் தானே கொண்டுவந்து இறக்கினார். பின்னாட்களில் வீடு கட்டும்போதும் வைக்கோல் அவரிடமிருந்துதான் வந்தது.

வைக்கோல் இறங்கியது வால்தம்ஸ்டோவில். காய்கறி போடுவதற்கென்று வாடகைக்கு விடும் சிறு நிலத் துண்டு ஒன்றை அக்கா அங்கே எடுத்திருந்தார், அலொட்மென்ட் என்பார்கள். மற்றவர்கள் உருளைக்கிழங்கு நட்ட இடத்தில் இவர் குழி தோண்டிக் களிமண் எடுத்தார். மணல் கலந்து, வைக்கோல் கலந்து, சாணம் கலந்து கட்டிகள் செய்து வரிசையாக மழையில் வைத்தார். ஒரு கட்டி கரைந்து சரிந்து கிடந்த காலையில் நான் அனுதாபம் சொல்லப் போனேன். அவரோ உற்சாகமாக இருந்தார். "மேலாலை கரையேல்லை, கீழாலை கரைஞ்சிருக்கு. பாத்தீங்களோ? ஏன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்." எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் அன்று தெரியாது.

பிறகு ஒரு கொட்டில் கட்டினார். மரச்சட்டம், நடுவே களிமண் குழம்பில் தோய்த்து இறுக்கிய வைக்கோல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பழைய ரேடியேட்டர் ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, பழைய யன்னல் கண்ணாடியால் மூடி, கூரையில் சாய்த்து வைத்தார். ஆடி மாத வெயிலில் அதிலிருந்து சுடுதண்ணீர் வந்தது. அண்ணன் அதிலே கால் கழுவிவிட்டு, "இதை மட்டும் நான் ஏத்துக்கொள்ளுறன்," என்று அறிவித்தார். ஏனென்றால் அதற்கு முந்திய வாரம்தான், மலத்தை மட்கவைத்து உரமாக்கும் கழிப்பறையை அக்கா வரைபடத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தார். அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "நான் சின்னனிலை வாளிக் கக்கூசிலை இருந்து தப்பி வந்தனான். லண்டனிலை திரும்ப அதுக்குப் போக ஏலாது. வேணுமெண்டா நீர் போம்."

இரண்டு குளிர்காலம் அந்தக் கொட்டில் நின்றது. அதற்குள் ஒரு நல்ல செய்தியும் வந்திருந்தது. கிழக்கு லண்டனில், பெரிய கம்பெனிகள் வேண்டாமென்று விட்ட சரிவான நிலம் ஒன்றில், வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் தாங்களே வீடு கட்டிக்கொள்ளலாம் என்று ஓர் உள்ளூராட்சிக் கவுன்சில் முடிவு செய்தது. அக்காவின் குடும்பமும் அந்தக் குழுவில் சேர்ந்தது. மண்சுவர் வேண்டுமென்றால் அது நிற்கும் என்று காட்ட வேண்டும். காட்டுவதற்குத்தான் கொட்டில் இருக்கிறதே என்று நம்பியிருந்தோம்.

அப்போது அலொட்மென்ட் சங்கம் கூடி, கொட்டிலை இடித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தது. கழற்றி எடுத்துப் போகக்கூடிய மரக் கொட்டில்தான் வைக்கலாமாம். இது நிரந்தரக் கட்டடமாம். விதி அப்படித்தான் இருந்தது. சொல்ல வந்த செயலாளர் வயதானவர். சொல்லி முடிக்கும்வரை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேல்முறையீடு செய்யலாம், ஆட்களைத் திரட்டலாம் என்று அன்று பின்னேரம் முழுவதும் கத்தினேன்.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்றார் அக்கா. "அந்தச் சுவருக்குள்ளை என்ன நடக்குது எண்டு பாக்க எனக்கும் கனநாளா ஆசை. இடிக்காமல் பாக்க ஏலாது எண்டுதான் விட்டனான்."

சனிக்கிழமை அவரே மரமறுக்கும் வாள் ஒன்றை எடுத்து வந்து சுவரை ரொட்டி வெட்டுவது போல அறுத்தார். உள்ளே வைக்கோல் அன்று அறுத்ததுபோல மஞ்சளாக இருந்தது. முகத்தருகே பிடித்து முகர்ந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். அங்கே சுவரின் அடிப்பகுதி கறுத்து, விரல் வைத்ததும் பொதபொதவென்று உள்ளே போனது. சின்னச் சின்னக் காளான்கூட இருந்தது.

"பாத்தீரோ, ஊத்தை," என்றார் அண்ணன், கொஞ்சம் வெற்றியோடு.

அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து அந்த இடத்தையும் அதற்கு முன்னாலிருந்த தரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "மேலையிருந்து வந்த மழையில்லை இது. நிலத்திலை விழுந்து தெறிச்ச மழை," என்றார். "அந்தக் கட்டி கரைஞ்சதும் இதாலைதான். சுவரை நிலத்திலையிருந்து உயத்தினாச் சரி." கண்கள் மின்னின.

ஆனால் வீடு திரும்பும் பஸ்ஸில், இறங்குவதற்குச் சற்று முன்பு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெறும் கொட்டில்தான் குமரன். ஆனா நான் ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கேக்கை வீட்டை வாறன் எண்டுதான் நினைச்சனான்." அண்ணன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மனைவியின் மண் படிந்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கவுன்சில் கூட்டத்துக்கு அந்தச் சுவரின் இரண்டு துண்டுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுபோனார். நல்ல துண்டை முதலில் காட்டுங்கள் என்று நான் காதைக் கடித்தேன். அவர் கேட்கவில்லை. அழுகிய துண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு சிறு பூச்சி அதிலிருந்து இறங்கிக் காகிதங்களுக்கு நடுவே ஓடியது. பொறியாளர் ஓர் உயரமான இளைஞர். ஏன் இதைக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"மற்றத் துண்டு நன்றாக இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எனக்குக் கேள்வி இருப்பது இதில்தான்," என்றார் அக்கா, தன் நிதானமான ஆங்கிலத்தில்.

அந்த இளைஞர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார். தரையிலிருந்து எவ்வளவு உயர்த்த வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். மற்றவர்கள் தேநீருக்கு எழுந்து போனது அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்காது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. வடக்குச் சுவரையும் உள்சுவர்களையும் மட்டும் மண்ணில் கட்டலாம் என்றார்கள். மற்றவை விதிகள் ஒப்புக்கொண்ட சிமெண்டுப் பலகைகள். அண்ணன் எதிர்த்த கழிப்பறையைச் சுகாதாரப் பகுதியும் மறுத்தது. அன்று அண்ணன் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

சுவருக்குக் களிமண் மிதித்த ஞாயிற்றுக்கிழமைக்கு உங்களில் எத்தனை பேர் வந்திருந்தீர்கள்! ரப்பர் பூட்ஸோடு இறங்கியவர்கள் பூட்ஸைக் களிமண்ணிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வெளியே வந்தார்கள். அன்றுதான் அண்ணனின் ஒன்றுவிட்ட சகோதரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஊரிலை கல்வீட்டிலை இருந்த குடும்பம். லண்டனுக்கு வந்து மண்வீடோ?" யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று எனக்கு அன்று தெரியாது. சுற்றிலும் மிதிப்பவர்கள் நின்றுவிட்டதைப் பார்த்துத்தான் புரிந்தது.

அக்கா கோபப்படவில்லை. "ஓம், மண்வீடுதான்," என்றார். "வாங்கோ, போன மாசம் கட்டிக் காஞ்ச இந்தச் சுவரிலை கையை வையுங்கோ. இப்ப மற்றப் பக்கம் போய் அந்தப் பலகையிலை வையுங்கோ. எது குளிருது?" அந்த மனிதர் இரண்டிலும் கை வைத்துப் பார்த்தார். பலகையில் வைத்த கையைச் சட்டென்று எடுத்தார். பிறகு கால்சட்டையை மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

குடிபுகுந்த முதல் குளிர்காலத்தில், மழைநீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாய் உறைந்து வெடித்தது. பக்கத்து வீட்டு ஜமைக்கா பஸ் ஓட்டுநர் தன் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அவருக்கு விறகும் மரவள்ளிக் கறியும் கொடுத்தார். அதன் பிறகு ஒருநாள் என்னிடம், "தன்னிறைவான வீடு எண்டு நான் இவ்வளவு நாளும் சொன்ன சொல்லு பிழை போல கிடக்கு," என்றார். "வேறை ஒரு சொல்லுத் தேடவேணும்." எங்கள் மண்ணில் 'கைமாற்று' என்பார்களே என்றேன். கொஞ்ச நேரம் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கிட்டத்தான் வருது, ஆனா இதில்லை," என்றார்.

யாழினியின் முட்டு அந்த வீட்டில் குறைந்தது. அந்தச் சுவர்தான் குணப்படுத்தியது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். வளர்ந்தால் தானே குறைவதுதான் என்று டாக்டர் சொன்னார். அக்கா இரண்டு பக்கமும் சேரவில்லை. "ரெண்டிலை எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? இன்னொரு யாழினியைப் பழைய அறையிலை வைச்செல்லோ பாக்கவேணும். அதைச் செய்ய ஏலாது. அப்ப இப்பிடியே இருக்கட்டும்," என்றார். மகள் நன்றாகத் தூங்கும் சத்தமில்லாத சத்தத்தைக் கேட்பதற்கென்றே சில நாட்கள் வாசலில் நிற்பதாகவும் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அந்த வீட்டில் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அண்ணன் என்னை வடக்குச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போனார். பூச்சில் ஒரு மெல்லிய கீறல் ஓடியிருந்தது.

"குமரன், இதுக்கு எப்ப சுண்ணாம்பு அடிக்கவேணும்? இப்பவோ, சித்திரைக்குப் பிறகோ? நான் ஒருநாளும் கேக்கேல்லை. அவ செய்வாதானே எண்டு இருந்திட்டன்."

முன்பெல்லாம் வீட்டைப் பற்றி யார் என்ன கேட்டாலும் உடனே ஒரு பதில் சொல்லிவிடுவேன். தொழில் அப்படி; தயங்கினால் நம்ப மாட்டார்கள். திலகம் அக்காவோ ஒரு விஷயம் தனக்குத் தெரியாது என்று சொல்லும்போது, யாரோ கையில் பலகாரம் வைத்ததுபோல முகம் மலர்வார். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அவரைப்போல மகிழ்ச்சியாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கும் தெரியலை அண்ணே," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கீறலின் அடியில் குந்தி உட்கார்ந்தார்.

"அப்ப இஞ்சாலை வாரும்," என்றார். "பாப்பம்."